ஒல்லி நாய்க்குட்டி அனுப்பிய பில்!

உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு பாட்டு பக்கத்து வீட்டில் அலறிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்? ஜன்னலைச் சாத்துவீர்கள். அதற்கும் மசியாவிட்டால் காதில் பஞ்சு. ரொம்ப மிஞ்சினால், போய்க் கதவைத் தட்டி ஒரு சண்டை.

சரி... ஜன்னலே இல்லாத ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையிலும் காலிலும் விலங்கு. விலங்கைத் தரையோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். அதே பாட்டு, காது கிழிகிற சத்தத்தில். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ராத்திரி முழுக்க. நிறுத்தச் சொன்னால் கேட்க ஆளில்லை. இப்போது சொல்லுங்கள்... அது பாட்டா, அடியா?

சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கவில்லை. கியூபா தீவின் ஓரத்தில் இருக்கும் குவாண்டனாமோ விரிகுடாவில், 2002 ஜனவரியில் அமெரிக்கா திறந்த சிறை முகாமில் இப்படி நடந்தது. அங்கே போய்வந்த எஃப்.பி.ஐ. ஆட்களே பார்த்ததைக் குறிப்பு எழுதிவைத்து, அது பின்னால் வெளியே வந்து நாறியது.

அந்த முகாமில் தங்கள் பாட்டும் ஓடியது என்று கேள்விப்பட்ட ஒரு கனடா நாட்டு இசைக்குழு, விசித்திரமான ஒரு காரியம் செய்தது. 'எங்களைக் கேட்காமல் எங்கள் இசையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். சேவைக் கட்டணம் 6,66,000 டாலர்' என்று அமெரிக்க ராணுவத் தலைமையகத்துக்கு ஒரு பில்!

குழுவின் பெயர் 'ஸ்கின்னி பப்பி'. தமிழில் சொன்னால், ஒல்லி நாய்க்குட்டி. சிரிப்பு வருகிறதா? இந்த பில்லுக்குப் பின்னால் இருக்கும் முப்பது வருடக் கதையைக் கேட்டால், சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

கனடாவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலை ஒட்டி இருக்கும் அழகான நகரம் வான்கூவர். 1982-ல் அங்கே கெவின் கிராம்ப்டன் என்றொரு இளைஞர் 'இமேஜஸ் இன் வோக்' என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். பளபளப்பான உடை, இனிமையான மெட்டு, ரேடியோவுக்கு ஏற்ற பாட்டு என்று போய்க்கொண்டிருந்த குழு அது. கிராம்ப்டனுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. வீட்டில் சிந்தசைஸரை வைத்துக்கொண்டு, ரேடியோக்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடிய சத்தங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் கால்கரி நகரத்திலிருந்து வந்து சேர்ந்தார் இன்னொரு கெவின். கெவின் ஓகில்வி. ஒரு குழுவில் இரண்டு கெவின்கள் இருந்தால் குழப்பம்தானே? முதல் கெவின், 'கீ' என்று பெயரை மாற்றிக்கொண்டார். இரண்டாவது ஆசாமி கொஞ்சம் குறும்புக்காரர். 'கெவின்' என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி 'நிவெக்' என்று ஆக்கி, பின்னால் 'ஓகர்' என்று சேர்த்துக்கொண்டார். மேற்கத்திய குழந்தைக் கதைகளில் மனிதர்களைப் பிடித்துத் தின்னும் ராட்சசனுக்கு அதுதான் பெயர்.

குழுவுக்கு ஏன் நாய்க்குட்டி பெயர்? இந்த உலகத்தை ஒரு நாயின் கண் வழியாகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவர்களுடைய ஆரம்ப யோசனை. முதலில் செய்த பாட்டுகளில் ஒன்றுக்கு 'கே-9' என்று பெயர். ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், நாயினத்தைக் குறிக்கும் சொல்லாக ஒலிக்கும். நாய் பேசுமா? பேசாது. குரைக்கும், உறுமும், ஊளையிடும், அடிபட்டால் வீறிடும். ஓகரின் குரலும் அப்படித்தான். மைக்கிலிருந்து வரும் குரலைக் கருவிகளில் கொடுத்து நசுக்கி, உடைத்து, எதிரொலிக்க வைப்பார்கள். வார்த்தைகள் அரையும்குறையுமாகத்தான் காதில் விழும். ஆனால், 'எதுவோ வலியில் துடிக்கிறது' என்பது மட்டும் சந்தேகமில்லாமல் புரியும்.

இவர்களுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1970-களின் நடுவில் இங்கிலாந்தில் பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. அந்தச் சூழலில் லண்டனில் 'த்ராபிங் கிறிஸில்' என்ற குழு, ரேடியோ இரைச்சலையும் இயந்திரச் சத்தத்தையும் வைத்து இசை பண்ணியது. 1976-ல் தங்கள் கம்பெனிக்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'இண்டஸ்ட்ரியல் மியூஸிக்' என்ற பெயர் அதிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான். இரும்பு ஆலைகளுக்குப் பேர்போன ஷெஃபீல்டில் 'காபரே வால்டேர்'. பெர்லினில் 'ஐன்ஸ்டுர்ட்ஸெண்டே நொய்பாவ்டன்'. வாயில் நுழையாத இந்தப் பெயருக்கு 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று அர்த்தம். இவர்கள் டிரில்லிங் மெஷினையும் இரும்புச் சாமான்களையும் மேடைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்!

இந்த இரைச்சலோடு, கால் தானாகத் தாளம் போடவைக்கும் மின்னணுத் தாளத்தைக் கலந்தால் கிடைப்பது 'எலெக்ட்ரோ இண்டஸ்ட்ரியல்'. அதை வட அமெரிக்காவில் வேரூன்ற வைத்தவர்களில் நம் ஒல்லி நாய்க்குட்டிக்குத்தான் முதல் வரிசையில் இடம்.

தொடக்கம் என்னவோ ரொம்பச் சின்னது. 1984-ல் 'பேக் அண்ட் ஃபோர்த்' என்று ஒரு கேஸட்டைத் தாங்களே பதிவு செய்து வெளியிட்டார்கள். மொத்தம் 35 பிரதிகள்! கல்யாணப் பத்திரிகைகூட அதைவிட அதிகமாக அடிப்போம். அதே வருடம் வான்கூவரில் 'நெட்வெர்க்' என்ற புதிய கம்பெனி முளைத்தது. இவர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. பிற்காலத்தில் சாரா மெக்லாக்லன் போன்ற தேன்குரல் பாடகிகளை வளர்த்து, 'கோல்ட்ப்ளே' குழுவின் முதல் ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட்ட அதே நெட்வெர்க்தான். அதன் அஸ்திவாரக் கற்களில் ஒன்று இந்தக் கர்ண கடூரம்!

1984 கடைசியில் 'ரெமிஷன்', 1985-ல் 'பைட்ஸ்'. இந்த இரண்டிலும் ஒலி எளிமையானது. டிரம் மெஷின் 'டிக் டிக்' என்று ஓடும். அடியில் சிந்தசைஸர் ஒரே சரத்தைத் திரும்பத் திரும்பப் பின்னும். மேலே ஓகரின் உறுமல். இருட்டாக இருந்தாலும் ஆட முடிகிற இசை. 'பைட்ஸ்'ஸில் வரும் 'அஸிமிலேட்' பாட்டை இன்றும் இந்த வகை இசையின் பாலபாடமாகச் சொல்கிறார்கள்.

அப்போது அவர்களோடு பாஸ் சிந்தசைஸர் வாசித்தவர் பில் லீப். வியன்னாவில் பிறந்தவர். 1986-ல் கழன்றுகொண்டு 'ஃப்ரன்ட் லைன் அசெம்ப்ளி' என்று தனிக்கடை போட்டார். பிறகு 'டெலிரியம்' என்று இன்னொரு கடை. 1997-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் பெயர் 'கர்மா'. அதில் சாரா மெக்லாக்லன் பாடிய 'சைலன்ஸ்' பாட்டு, ரீமிக்ஸ் ஆகி உலகம் பூரா இரவு விடுதிகளைக் கலக்கியது. ஒருவேளை நீங்களே கேட்டிருப்பீர்கள். கூச்சலில் தொடங்கிய ஆள் உலகப் புகழ் பெற்றது 'மௌனம்' என்ற பாட்டால்!

லீப் போன இடத்துக்கு வந்தவர்தான் இந்தக் கதையின் முக்கியமான மனிதர். ட்வெய்ன் கெட்டல். எட்மன்டன் நகரத்துப் பையன். வயது 22. முறைப்படி மேற்கத்திய செவ்வியல் இசை படித்தவர். அவர் கையோடு கொண்டுவந்தது ஒரு சாம்ப்ளர்.

சாம்ப்ளர் என்றால்? எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து, அதைக் கீபோர்டின் கட்டைகளில் ஏற்றி வாசிக்கிற கருவி. கதவு இடிக்கிற சத்தத்தை 'ஸ', 'ரி', 'க' என்று வாசிக்கலாம். குழந்தை அழுவதை மெட்டாக்கலாம். அதற்கு முன்பும் இந்த வித்தை இருந்தது. ஆனால், 'ஃபேர்லைட்' மாதிரி கருவிகளின் விலை பல்லாயிரம் டாலர். பணக்கார ஸ்டூடியோக்களின் சொத்து. 1985-ல் 'என்ஸானிக்' கம்பெனி 'மிராஜ்' என்ற சாம்ப்ளரை 2,000 டாலருக்கும் கீழே விற்பனைக்குக் கொண்டுவந்ததும் கதை மாறியது. சாதாரணப் பையன்கள் கைக்கு அது வந்தது. கெட்டல் கைக்கும் வந்தது.

'மைண்ட்: தி பெர்பெச்சுவல் இன்டர்கோர்ஸ்' (1986), 'க்ளென்ஸ் ஃபோல்ட் அண்ட் மேனிபுலேட்' (1987) இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மாற்றம் பளிச்சென்று தெரியும். பேய்ப் படங்களின் வசனம், டி.வி. செய்தி, உலோகம் உரசும் ஒலி என்று அடுக்கடுக்காகச் சத்தங்கள். இதையெல்லாம் குப்பையாகக் கொட்டாமல் கோபுரமாகக் கட்டிக் கொடுத்தவர் ஒலிப்பதிவாளர் டேவ் ஓகில்வி. ஓகருக்கும் அதே குடும்பப் பெயர்தான். ஆனால், சொந்தம் எதுவும் கிடையாது. 2012-ல் உலகையே முணுமுணுக்க வைத்த 'கால் மீ மேபி' என்ற துள்ளல் பாட்டை மிக்ஸிங் செய்தவரும் இதே டேவ்தான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

1988. அவர்களுடைய வாழ்க்கையின் உச்சம் என்று பலரும் சொல்கிற ஆல்பம் வந்தது. ஆங்கிலத்தில் 'விவிசெக்‌ஷன்' என்றால் உயிரோடு இருக்கும் பிராணியை அறுத்து ஆராய்ச்சி செய்வது. அந்தச் சொல்லை 'விவிசெக்ட் 6' என்கிற மாதிரி எழுதினார்கள். ரோமன் எண்ணில் ஆறு என்பதற்கான இரண்டெழுத்துகள் அந்தத் தலைப்பில் மூன்று முறை வரும். ஆறு, ஆறு, ஆறு. பைபிளில் 666 என்பது மிருகத்தின் எண். யார் இங்கே மிருகம்? மேஜையில் கட்டிப்போடப்பட்டதா, கத்தி பிடித்தவனா? அதுதான் கேள்வி. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் 'டெஸ்ச்சர்' என்று ஒரு பாட்டு. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து தப்பித்து ஓடும் இரண்டு நாய்களைப் பற்றி 'தி ப்ளேக் டாக்ஸ்' என்று 1982-ல் ஒரு கார்ட்டூன் படம் வந்தது. குழந்தைகளுக்குக் காட்ட முடியாத அளவுக்குச் சோகமான கார்ட்டூன். அந்தப் படத்தின் குரல்களை இந்தப் பாட்டில் எடுத்துப் போட்டார்கள். பில்போர்ட் பத்திரிகையின் நடனப் பாட்டுப் பட்டியலுக்குள்ளேயே அது நுழைந்துவிட்டது. நாய்களின் வேதனையைச் சொல்லும் பாட்டுக்கு இளைஞர்கள் ஆடினார்கள். இன்னொரு பாட்டு 'வி.எக்ஸ். கேஸ் அட்டாக்'. ரசாயன ஆயுதங்களைப் பற்றியது. ஈராக்கின் ஹலப்ஜா நகரத்தில் சதாம் உசேனின் ராணுவம் விஷவாயு வீசி ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றதும் அதே 1988-ல்தான்.

ஆல்பத்தோடு சேர்த்து அமெரிக்கச் சுற்றுப்பயணம். மேடையில் ஓகர் ஒரு விஞ்ஞானியாக வருவார். பஞ்சு அடைத்த நாய்ப் பொம்மை ஒன்றை மேஜையில் போட்டு அறுப்பார். செயற்கை ரத்தம் ஆறாக ஓடும். போகப்போக அறுத்தவரே அறுபடும் பிராணியாக மாறித் துடிப்பார். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். கலக்க வேண்டும் என்பதுதான் நோக்கமே.

ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தில் பார்வையாளர் ஒருவருக்கு ரொம்பவே கலக்கிவிட்டது. நிஜ நாயை அறுக்கிறார்கள் என்று நினைத்து போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டார். மஃப்டியில் போலீஸ் வந்து, ஓகர், கீ, சுற்றுப்பயண மேனேஜர் மூவரையும் அள்ளிக்கொண்டு போனது. பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்ததாக வழக்கு. ராத்திரி ஜெயில், 200 டாலர் அபராதம்.

இதில் ஒரு சோகமான நகைச்சுவை இருக்கிறது, கவனித்தீர்களா? பஞ்சு நாயை அறுத்தால் ஜெயில். நிஜ நாயை ஆராய்ச்சிக்கூடத்தில் அறுத்தால் சட்டப்படி தப்பில்லை. அந்தக் குழு எதைச் சொல்ல நாடகம் போட்டதோ, அதை போலீஸே வந்து முடித்துவைத்துவிட்டது!

அதே 1988 சுற்றுப்பயணத்தில் சில ஊர்களில் இவர்களுக்கு முன்னால் மேடையேறி வாசித்தது, யாருக்கும் தெரியாத ஒரு புதிய குழு. பெயர் 'நைன் இன்ச் நெய்ல்ஸ்'. அதன் தலைவர் ட்ரென்ட் ரெஸ்னர், தன் முதல் சிங்கிள் 'டவுன் இன் இட்'டுக்கு ஸ்கின்னி பப்பியின் 'டிக் இட்' பாட்டுதான் மூலம் என்று பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ரெஸ்னர் கோடிக்கணக்கில் ஆல்பம் விற்றார், படங்களுக்கு இசையமைத்து ஆஸ்கரும் வாங்கினார். வழி போட்டுக் கொடுத்தவர்கள் வழியோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

நிற்கும்போதே விரிசலும் விழ ஆரம்பித்தது.

1989-ல் 'ரேபிஸ்'. வெறிநாய்க்கடி நோய்தான் தலைப்பு. 'மினிஸ்ட்ரி' குழுவின் அல் ஜோர்கென்ஸன் தயாரிப்பில் கைகொடுத்தார். கூடவே அவருடைய எலெக்ட்ரிக் கிடாரும் வந்தது. மின்னணு நூலால் நெய்த துணியில் முரட்டுத்தனமாக ஒரு கிழிசல் விழுந்தது மாதிரி இருக்கிறது என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஓகர் ஜோர்கென்ஸனோடு ஒட்டிக்கொண்டு, மினிஸ்ட்ரியின் சுற்றுப்பயணத்துக்கே போய்விட்டார். இந்தப் பக்கம் கீயும் கெட்டலும். நடுவில் போதை மருந்து.

ஆச்சரியம் என்னவென்றால், உறவு கெடக் கெட இசை உயர்ந்துகொண்டே போனது. 'டூ டார்க் பார்க்' (1990) இயற்கை அழிவதைப் பற்றியது. கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி சாம்ப்ளருக்கே திரும்பினார்கள். ஒவ்வொரு நிமிடத்திலும் பத்து ஆல்பத்துக்கான சத்தங்கள். 1992-ல் 'லாஸ்ட் ரைட்ஸ்'. சாகும் தறுவாயில் இருப்பவருக்குப் பாதிரியார் செய்யும் கடைசிச் சடங்குக்கு ஆங்கிலத்தில் அப்படித்தான் பெயர். ஆனால், 'சடங்கு' என்ற சொல்லுக்குப் பதிலாக, அதே உச்சரிப்புள்ள 'உரிமை' என்ற சொல்லின் எழுத்துகளைப் போட்டார்கள். கடைசிச் சடங்கு, கடைசி உரிமை. போதையில் சிக்கிய ஒரு மனம் உள்ளுக்குள் எப்படிச் சிதறும் என்பதை வெளியிலிருந்து வர்ணிக்காமல், சிதறலையே ஒலியாக்கிக் கொடுத்த ஆல்பம். முழுசாகக் கேட்டு முடித்தால், ஜுரம் வந்து விட்ட மாதிரி இருக்கும்.

தலைப்பு பலித்துவிடக் கூடாதே என்று நினைக்கிறீர்கள் இல்லையா? கேளுங்கள்.

1993-ல் பெரிய அதிர்ஷ்டம். ரிக் ரூபினின் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' கம்பெனி இவர்களை ஒப்பந்தம் செய்தது. பெரிய பணம், பெரிய எதிர்பார்ப்பு. கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரைக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். அந்த வட்டாரத்தில் 1993 நவம்பரில் காட்டுத்தீ. 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸையே உலுக்கிய நார்த்ரிட்ஜ் பூகம்பம். உள்ளே அதைவிடப் பெரிய பூகம்பம். தயாரிப்பாளர்கள் மாறினார்கள். கம்பெனி ஒன்று கேட்டது, கீ ஒன்று நினைத்தார், ஓகர் வேறொன்று விரும்பினார். 1995 ஜூனில் ஓகர் குழுவை விட்டு வெளியேறினார்.

இரண்டே மாதம். 1995 ஆகஸ்ட் 23. எட்மன்டனில், தன் பெற்றோரின் வீட்டில், ட்வெய்ன் கெட்டல் பிணமாகக் கிடந்தார். ஹெராயின் அளவு மீறிப்போயிருந்தது. வயது 31.

பதின்மூன்று வருடம் அடுத்தவர் வலியைச் சத்தமாக்கிய குழு. பக்கத்தில் நின்று வாசித்தவரின் வலி, சத்தமே இல்லாமல் முடிந்துபோனது. 1996 பிப்ரவரியில் 'தி ப்ராசஸ்' ஆல்பம் வந்தபோது, அதைக் கெட்டலுக்கு அர்ப்பணம் செய்திருந்தார்கள். கேட்க இனிமையான மெட்டுகள், தெளிவான குரல், கிடார்... ஸ்கின்னி பப்பி அதுவரை அதிகம் தொடாத எல்லாம் அதில் இருந்தன. வெளியிட ஆல்பம் இருந்தது, வாசிக்கக் குழு இல்லை.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கீ 'டவுன்லோட்' என்ற பெயரில் தனியாகப் பரிசோதனை இசை பண்ணினார். ஓகர், இசைக்கலைஞர் மார்க் வாக்கோடு சேர்ந்து வேறு பாதையில் போனார். 2000 ஆகஸ்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஓர் இசை விழா. ஒரே ஒரு கச்சேரிக்காக இரண்டு கெவின்களும் மறுபடி ஒரே மேடை ஏறினார்கள். கூட்டத்தின் ஆரவாரத்தைப் பார்த்த பிறகு, ஒன்றோடு நிறுத்த மனசு வருமா?

2004-ல் 'தி கிரேட்டர் ராங் ஆஃப் தி ரைட்'. அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தலைப்பே வலதுசாரிகளுக்கு ஒரு குத்து. ஒலி இப்போது கம்ப்யூட்டர் காலத்துக்கு மாறியிருந்தது. பழைய அழுக்கும் துருவும் கழுவப்பட்டு, ஓகரின் குரல் கூடத் தெளிவாகக் கேட்டது. 'மித்மேக்கர்' (2007), 'ஹேண்ட்ஓவர்' (2011) என்று பயணம் தொடர்ந்தது. 'கெட்டல் இல்லாத பப்பி பப்பியே இல்லை' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்களும் அவர்களேதான்.

இந்தக் கட்டத்தில்தான் குவாண்டனாமோ செய்தி வருகிறது.

இசையை ஆயுதமாகப் பயன்படுத்துவது அமெரிக்க ராணுவத்துக்குப் புதுசில்லை. 1989 டிசம்பரில் பனாமா நாட்டின் சர்வாதிகாரி நோரியேகா, வாட்டிகன் தூதரகத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டார். வெளியே நின்ற ராணுவம் ஒலிபெருக்கி வைத்து ராப்பகலாக ராக் பாட்டு போட்டது. 1990 ஜனவரி 3-ம் தேதி அவர் வெளியே வந்து சரணடைந்தார். அப்போது உலகமே அதை ஜோக்காகச் சொல்லிச் சிரித்தது.

2003 செப்டம்பரில் ஈராக்கில் அமெரிக்கப் படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் ரிக்கார்டோ சான்செஸ், விசாரணை முறைகள் பற்றி ஓர் உத்தரவு போட்டார். கைதியைப் பயப்படுத்தவும் நிலைகுலைய வைக்கவும் பலத்த சத்தத்தில் இசையைப் பயன்படுத்தலாம் என்று அதிலேயே இருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. உடம்பில் காயம் தெரியாது, ரத்தம் வராது, புகைப்படம் எடுத்தால் எதுவும் பதியாது. இதைவிட வசதியான சித்ரவதை உண்டா?

எந்தப் பாட்டெல்லாம் போட்டார்கள் தெரியுமா? மெட்டாலிகா மாதிரி உறுமும் இசை மட்டுமில்லை. குழந்தைகளுக்கான 'செஸமி ஸ்ட்ரீட்' டி.வி. நிகழ்ச்சியின் பாட்டு, ஊதா நிற டைனோசர் 'பார்னி'யின் அன்புப் பாட்டு. எந்தப் பாட்டு என்பது முக்கியமில்லை, யார் கையில் சுவிட்ச் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 2009 அக்டோபரில் ஆர்.இ.எம்., பேர்ல் ஜாம், ட்ரென்ட் ரெஸ்னர் உள்ளிட்ட இசைக்கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து, 'எங்கள் பாட்டை எப்படிப் பயன்படுத்தினீர்கள்? ரகசிய ஆவணங்களை வெளியிடுங்கள்' என்று அமெரிக்காவின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார்கள்.

ஸ்கின்னி பப்பிக்கும் தகவல் வந்தது. நம்பத்தகுந்த வழியில் கேள்விப்பட்டதாகவும், குறைந்தது நான்கு முறை தங்கள் இசை குவாண்டனாமோவில் பயன்பட்டதாகத் தெரிந்ததாகவும் 2014-ல் ஓகர் பேட்டி கொடுத்தார்.

அவர் மனநிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூண்டில் அடைபட்ட உயிரின் பக்கம் நின்று கத்தியவர்கள் அவர்கள். அந்தக் கத்தல் கேட்கிறவரின் காதைக் குடைய வேண்டும், தூக்கத்தைக் கெடுக்க வேண்டும், 'ஐயோ, போதும்' என்று பதற வைக்க வேண்டும் என்று தேடித் தேடிச் செதுக்கினார்கள். அதில் ஜெயித்தும் விட்டார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? அந்தத் தொழில்திறமையே கூண்டுக்கு வெளியே நிற்பவனுக்குப் பயன்பட்டுவிட்டது. குவாண்டனாமோவில் முதலில் வந்த கைதிகளை வைத்திருந்த 'கேம்ப் எக்ஸ்-ரே'யின் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகக் கம்பிவலைக் கூண்டுகள். பார்த்தவுடன் பலருக்கும் ஞாபகம் வந்தது நாய்ப் பட்டிதான்.

பில்லுக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா? 6,66,000 டாலர். ஞாபகம் வைக்கச் சொன்ன எண். மிருகத்தின் எண். 1988-ல் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்த்துக் கேட்ட 'யார் இங்கே மிருகம்?' என்ற கேள்வியை, கால் நூற்றாண்டு கழித்து ராணுவத் தலைமையகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். கல்லாவில் பணம் விழும் என்று போட்ட பில் இல்லை அது.

கோபத்தை இன்னொரு விதமாகவும் காட்டினார்கள். 2013-ல் வந்த ஆல்பத்துக்கு 'வெப்பன்' என்று பெயர் வைத்தார்கள். ஆயுதம். அட்டையில் ஆயுதங்களையே உடம்பாகக் கொண்ட ஒரு ராட்சதச் சிலந்தி. ஆனால், உள்ளே இருந்த இசை யாரும் எதிர்பார்க்காதது. இரைச்சலை இன்னும் ஏற்றுவார்கள் என்று நினைத்தால், இறக்கிவிட்டார்கள். அடுக்குகள் குறைவு, எளிய தாளம், பழைய சிந்தசைஸரின் சரம். முதல் தட்டான 'ரெமிஷன்' காலத்து வாசம். அதில் இருந்த 'சால்வென்ட்' என்ற பாட்டையே மறுபடி பதிவு செய்து இதில் சேர்த்திருந்தார்கள். 'எங்கள் சத்தத்தை ஆயுதமாக்கினீர்கள். சரி, சத்தம் எங்கே தொடங்கியதோ அங்கேயே நாங்கள் திரும்பிப் போகிறோம்' என்று சொல்வது போல எனக்குப் படுகிறது.

2023-ல் 'இதுவே கடைசி' என்று அறிவித்து, நாற்பதாண்டு நிறைவைக் கொண்டாடும் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். 35 கேஸட்டில் தொடங்கிய இரண்டு கெவின்களும் அறுபதை ஒட்டிய வயதில், அரங்கம் நிறைந்த ரசிகர்களிடம் விடைபெற்றார்கள். அந்தக் கூட்டத்தில் அப்பாவோடு வந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

ஆர்வம் வந்துவிட்டதா? 'அஸிமிலேட்'டில் ஆரம்பித்து, 'டெஸ்ச்சர்' கேட்டுவிட்டு, தைரியம் மிச்சமிருந்தால் 'லாஸ்ட் ரைட்ஸ்' பக்கம் போங்கள். பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். முதல் நிமிடத்திலேயே தலைவலி வந்து, 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்று அணைத்துவிடவும் செய்யலாம். தாராளமாக அணையுங்கள், தப்பே இல்லை. அணைக்கிற பொத்தான் உங்கள் கையில் இருக்கிறவரைக்கும்தான் அதற்குப் பெயர் இசை.